பத்தாயிரம் சொற்களை ஒரே ஓட்டத்தில் தேடுவது: தமிழ் விக்கிப்பீடியா உரையை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

வரிக்கு ஒரு சொல்லாகப் பத்தாயிரம் வரி கொண்ட ஒரு சொற்பட்டியல். எதிரே தமிழ் விக்கிப்பீடியாவின் முழு உரைப் பொதி. பட்டியலில் எந்தெந்தச் சொல் அந்த உரையில் வருகிறது, எத்தனை முறை வருகிறது என்று தெரியவேண்டும். அகராதி தொகுப்பவர், பிழைதிருத்தி எழுதுபவர், கலைச்சொல் பட்டியலைச் சரிபார்ப்பவர் என்று பலருக்கும் வந்து சேரும் வேலை இது. விக்கிமீடியா இந்தப் பொதிகளை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுவதால், கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அதே தரவில் செய்துபார்க்கலாம்.

லினக்ஸ் முனையம், தேடுசொல் வரும் வரிகளை அச்சிடும் குனூ கிரெப், அதே வேலையைச் செய்யும் ரிப்கிரெப், வரிகளைப் பிரித்துக் கணக்கிடும் ஆக், வரிகளை அடுக்கும் சார்ட், கொஞ்சம் பேர்ல்: முக்கியக் கருவிகள் இவ்வளவுதான். கணக்கு எளிதாக இருக்க, அவிழ்த்த உரை 1 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். கட்டளையின் நடத்தையை மாற்றும் கொடிகளை அவற்றின் நீண்ட ஆங்கிலப் பெயராலேயே, தமிழ் எழுத்தில், குறிப்பிடுகிறோம். கிரெப்பில் பெரிய எஃப் ஒரு வேலை, சிறிய எஃப் வேறு வேலை. ஒற்றை எழுத்தில் எழுதினால் இரண்டும் கலந்துவிடும்.

லூப் ஏன் நகர்வதில்லை

பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது ஒரு ஷெல் லூப்: பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடு, கிரெப்பை ஓட்டு, எண்ணிக்கையை எழுது, அடுத்த சொல்லுக்குப் போ. பத்தாயிரம் சொல்லுக்கு 1 ஜிபி உரையைப் பத்தாயிரம் முறை படிக்கவேண்டும். மொத்தம் 10,000 ஜிபி. கோப்பு முழுவதும் நினைவகத்தில் தங்கி, நொடிக்கு 1 ஜிபி வேகத்தில் ஓடினாலும் 10,000 நொடி, அதாவது 2 மணி 46 நிமிடம். கிரெப் நிரல் பத்தாயிரம் முறை தொடங்குவதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தொடக்கத்துக்குச் சில மில்லிநொடிதான் ஆகும். நேரத்தைத் தின்பது திரும்பத் திரும்பப் படிப்பது.

சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால், முதல் பொருத்தத்திலேயே நிறுத்தும் --கொயட் கொடி உதவும். ஆனால் அது அடிக்கடி வரும் சொல்லுக்குத்தான் லாபம். உரையில் இல்லாத சொல்லுக்குக் கடைசி பைட் வரை போய்த்தான் ஆகவேண்டும். சரிபார்க்கும் பட்டியல்களில் அப்படிப்பட்ட சொற்களே அதிகம்.

அடுத்து, எல்லாச் சொற்களையும் ‘அல்லது’ என்று பொருள்படும் செங்குத்துக் கோட்டால் இணைத்து ஒரே ரெகெக்ஸ் (சிறப்புக் குறிகள் கொண்ட தேடுகோவை) ஆக்குகிறார்கள். இங்கே லினக்ஸ் குறுக்கே நிற்கும். கட்டளை வரியில் ஒரு தனி வாதத்தின் (கட்டளைக்குத் தரும் ஒரு மதிப்பின்) நீளம் 128 கேபிக்கு மேல் போகக்கூடாது. எட்டு யூனிகோட் குறியீடு (எழுத்து, புள்ளி, உயிர்மெய்க் குறி ஒவ்வொன்றும் ஒரு குறியீடு) கொண்ட ஒரு தமிழ்ச் சொல், அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட், கோட்டோடு 25. ஆக, ஏறத்தாழ 5,200 சொல்லைத் தாண்டினாலே ‘வாதப் பட்டியல் மிக நீளம்’ என்ற பிழையோடு கட்டளை நின்றுவிடும். ஆங்கிலப் பட்டியலில் இந்தச் சுவர் வெகு தொலைவில் இருக்கும். தமிழில் குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால் சீக்கிரமே வந்து முட்டும்.

ஒரு முறை படித்தால் போதும்

சரியான வடிவம் இது:

எல்சி_ஆல்=சி கிரெப் --ஃபிக்ஸ்ட்-ஸ்ட்ரிங்ஸ் --ஃபைல்=பட்டியல் உரை

முன்னால் உள்ள எல்சி_ஆல்=சியைப் பிறகு பார்ப்போம். --ஃபைல் தேடுசொற்களைக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீள வரம்பு இல்லை. --ஃபிக்ஸ்ட்-ஸ்ட்ரிங்ஸ் அவற்றை ரெகெக்ஸாகப் பார்க்காமல் அப்படியே எழுத்துத் தொடராகப் பார்க்கச் சொல்லும். இதை விட்டுவிட்டால் வேகம் குறையலாம் என்பதோடு விடையும் கெடும்: ‘கி.மு.’ என்ற வரியில் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்திவிடும்.

நிலையான தொடர்களை மொத்தமாகத் தேடும் முறைக்கு அடித்தளம் 1975இல் ஆல்ஃபிரட் ஏஹோவும் மார்கரெட் கொராசிக்கும் வெளியிட்ட வழிமுறை. பெல் ஆய்வகத்தில் நூல்விவரப் பட்டியல்களைத் தேடுவதற்காக உருவானது. எல்லாத் தேடுசொற்களையும் முதலெழுத்திலிருந்து கிளைக்கும் ஒரே மரமாகக் கட்டுகிறது. ஒரு கிளையில் போய்க்கொண்டிருக்கும்போது பொருத்தம் முறிந்தால், இதுவரை படித்ததில் எவ்வளவு பகுதி வேறொரு சொல்லின் தொடக்கமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து வைத்த இணைப்பின் வழியே தாவுகிறது. உரையில் ஒரு பைட் கூடப் பின்னோக்கிப் போகவேண்டியதில்லை. பட்டியல் நூறு சொல்லானாலும் லட்சம் சொல்லானாலும் உரையை ஒரு முறை படிப்பதுதான் செலவு; மரம் பெரிதானால் தற்காலிக நினைவகத்தில் கொள்ளாமல் ஓரளவு மெதுவாகும், அவ்வளவே. லூப்போடு ஒப்பிட்டால் வேலை ஆயிரக்கணக்கான மடங்கு குறைகிறது. இந்த ஆய்வில் மற்ற எந்த மாற்றமும் இந்த அளவுக்குப் பலன் தராது. வேறு எதையும் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

1979இல் பியாட்டே கொமென்ட்ஸ்-வால்டர் வேறொரு வழி சொன்னார்: பல சொற்களைத் தேடும்போதும் உரையில் சில பைட்டுகளைப் படிக்காமலே தாண்டுவது. எவ்வளவு தாண்டலாம் என்பதைப் பட்டியலிலேயே மிகக் குட்டையான சொல் முடிவுசெய்கிறது. பத்தாயிரம் நீண்ட சொற்களுக்கு நடுவே ஒரே ஒரு ஓரெழுத்துச் சொல் இருந்தாலும் தாவல் சுருங்கிவிடும். எனவே இந்த வழியைக் கையாளும் கருவியில் ‘ஆ’, ‘கை’, ‘தீ’ போன்றவற்றைத் தனிக் கோப்பாகப் பிரித்துத் தனியே ஓட்டுவது நல்லது.

கிரெப் --ஃபிக்ஸ்ட்-ஸ்ட்ரிங்ஸ் என்பதை ஃப்கிரெப் என்ற பழைய பெயரில் எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். குனூ கிரெப் 3.8, அதாவது 2022 முதல், அது ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை அச்சிடுகிறது. ஸ்கிரிப்டின் பிழை வெளியீட்டில் அது குப்பையாகச் சேரும்.

தமிழ் பைட்டுகளும் எல்சி_ஆல்=சியும்

யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே 128க்கும் 191க்கும் இடையே மாறுகிறது. தேடல் கருவிகள் வேகத்துக்குக் கையாளும் பல உத்திகள், அரிதான ஒரு பைட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களைத் தாண்டிப்போவதை நம்பியவை. தமிழ் உரையில் முதல் பைட்டைப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்திலும் நிற்கவேண்டியதுதான். ஆங்கில உரையில் எடுத்த வேக ஒப்பீடுகளைத் தமிழுக்கு அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016இல் வெளியிட்ட ரிப்கிரெப் இங்கே கொஞ்சம் முந்துகிறது. சில டஜன் சொற்கள் வரை, இன்டெலின் ஹைப்பர்ஸ்கேன் திட்டத்திலிருந்து வந்த டெடி என்ற வழிமுறையால், பல சொற்களின் முதல் சில பைட்டுகளைச் செயலியின் அகலப் பதிவகங்களில் ஒரே நேரத்தில் ஒப்பிடுகிறது. முதல் மூன்று பைட் என்றால் தமிழில் ஒரு முழுக் குறியீடு, ஆகவே வடிகட்டல் வேலைசெய்யும். பட்டியல் ஆயிரக்கணக்கில் போனால் அதுவும் ஏஹோ-கொராசிக்குக்குத் திரும்பிவிடும். அதற்காக மட்டும் கருவி மாற்றவேண்டிய தேவை இல்லை.

எல்சி_ஆல்=சி என்பது ‘சி’ என்ற மொழிச் சூழலை அமைத்து, உரையை வெறும் பைட்டுகளாகப் பார்க்கச் சொல்கிறது; எழுத்துச் சரிபார்ப்பு வேலை குறையும். தமிழைப் பைட்டாகத் தேடினால் தப்பாகப் பொருந்தாதா என்ற பயம் வேண்டாம். யூடிஎஃப்-8இல் ஒரு எழுத்தின் நடுவிலிருந்து இன்னொரு எழுத்து தொடங்குவதுபோல் தோன்றவே முடியாது. இன்னொரு நன்மையும் உண்டு: யூடிஎஃப்-8 சூழலில், அச்சிடவேண்டிய வரியில் ஒரு உடைந்த பைட் இருந்தாலும் கிரெப் அதை இருமக் கோப்பு என்று எடுத்துக்கொண்டு மீதி வரிகளை அச்சிடாமல் விடும். சி சூழலில் வெற்று பைட் (மதிப்பு 0) மட்டுமே அப்படிச் செய்யும்.

ஆனால் சி சூழலில், முழுச் சொல்லாக வந்தால் மட்டும் பொருத்தச் சொல்லும் --வேர்ட்-ரெஜெக்ஸ்ப் என்ற சொல் எல்லைக் கொடியைத் தமிழுக்குப் பயன்படுத்தவே கூடாது. 127க்கு மேற்பட்ட பைட் எதுவும் அங்கே ‘எழுத்து’ அல்ல. எனவே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்குப் பிறகும் சொல் முடிந்ததாகவே கிரெப் நினைக்கும்; ‘அம்மா’வைத் தேடினால் ‘அம்மாவை’க்குள்ளும் பொருந்தும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணிக்கை மட்டும் ஊதிப்போகும். யூடிஎஃப்-8 சூழலில் கிரெப்பின் நடத்தை, கணினியின் சி நூலகம் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எப்படி வகைப்படுத்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘பல்’ என்ற ஒரே சொல்லை எக்கோ வழியாக அனுப்பி, சொல் எல்லைக் கொடியோடு ‘பல’ என்று தேடிப்பாருங்கள். வரி அச்சானால் அந்தக் கணினியில் அந்தக் கொடி தமிழுக்கு உதவாது. ரிப்கிரெப்பில் இந்தத் தொல்லை இல்லை. அதன் சொல் எழுத்து வரையறையில் ஒட்டுக்குறிகளும் சேர்த்தி.

பட்டியல் கோப்பைச் சுத்தம் செய்வது

இந்த வேலையில் தவறான விடைக்குப் பெரும்பாலும் பட்டியல் கோப்பே காரணம். ஒரு வெற்று வரி இருந்தால் போதும், அது உரையின் எல்லா வரியோடும் பொருந்திவிடும். விண்டோஸில் சேமித்த பட்டியலானால் ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி ஒட்டியிருக்கும், எதுவுமே பொருந்தாது. கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி (கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்) இருந்தால் முதல் சொல் மட்டும் காணாமல்போகும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் மற்றதெல்லாம் சரியாக இருக்கும். எக்செல்லிலிருந்து வந்த பட்டியலில் சொல்லுக்குப் பின் இடைவெளி இருக்கும். முதல் இரண்டு வரிகளை ‘ஓடி’ என்ற கட்டளையில் பைட்டாகப் பார்த்துவிட்டால், நடுவே உள்ள வெற்று வரி தவிர மற்றவை பெரும்பாலும் வெளிப்படும். பிறகு இடைவெளியையும் கேரேஜ் ரிட்டர்னையும் வரிகளைத் திருத்தும் ‘செட்’ கட்டளை கொண்டு நீக்கி, வெற்று வரிகளை அகற்றி, சார்ட் --யுனிக் போட்டு இரட்டிப்புகளைக் களையவேண்டும்.

தமிழுக்கே உரிய சுத்தம் தனி. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பைட்டில் வேறு. யூனிகோடைக் கையாளும் ஐசியூ நிரல் தொகுப்பில் வரும் யூகான்வ் கருவியில், இத்தகைய மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி மாற்றத்தைக் கேட்டால் இரண்டும் ஒன்றாகும். டெபியன் லினக்ஸில் ஐசியூ-டெவ்டூல்ஸ் என்ற தொகுப்பில் அது கிடைக்கும். உரை, பட்டியல் இரண்டையும் மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். என்எஃப்சி சரிசெய்யாதவையும் உண்டு. ‘ஸ்ரீ’யை ஸகரத்திலிருந்தும் எழுதுகிறார்கள், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் எழுதுகிறார்கள், தரநிலையின் பார்வையில் இவை இரண்டும் வேறு வேறு. ‘ஔ’வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியிருப்பதும் அப்படியே. இவற்றுக்குத் தனித்தனி செட் விதி எழுதத்தான் வேண்டும். சொல்லுக்கு நடுவே நுழைந்திருக்கும் அகலமற்ற இணைப்பான், பிரிப்பான் குறிகளையும் இப்போதே நீக்கிவிடுவது நல்லது.

எண்ணிக்கை கேட்டால் கதை மாறுகிறது

எந்த வரியில் ஏதாவது ஒரு சொல் வருகிறது என்பதற்கு மேற்சொன்ன கட்டளை போதும். எந்தச் சொல் எத்தனை முறை என்று கேட்டதும், பலர் பொருந்திய பகுதியை மட்டும் அச்சிடும் --ஒன்லி-மேட்சிங் கொடியைச் சேர்த்து வெளியீட்டை சார்ட்டுக்கும், ஒரேமாதிரி வரிகளை எண்ணும் யுனிக் --கவுன்ட்டுக்கும் அனுப்புகிறார்கள். இந்த எண்ணிக்கை தவறு. அந்தக் கொடி ஒன்றன்மேல் ஒன்று படியாத பொருத்தங்களையே தரும். பட்டியலில் ‘தமிழ்நாடு’, ‘நாடு’ இரண்டும் இருந்தால், உரையில் ‘தமிழ்நாடு’ வரும் இடத்தில் ‘நாடு’ எண்ணப்படாது. ‘வெளிநாடு’ பட்டியலில் இல்லாததால் அங்கே மட்டும் எண்ணப்படும். ஒரே சொல்லுக்கு இரண்டு நியாயம். ரிப்கிரெப்பில் இன்னொரு வேறுபாடு: கிரெப் ஓரிடத்தில் தொடங்கும் பொருத்தங்களில் மிக நீண்டதை எடுக்கும்; ரிப்கிரெப் பட்டியலில் முன்னால் இருப்பதை எடுக்கும். ‘கல்’ முன்னால் இருந்தால் ‘கல்வி’க்கு எண்ணிக்கையே வராது. நீளமான சொல் மேலே வரும்படி பட்டியலை அடுக்கினால் அது தீரும். முதல் பிரச்சினை தீராது.

முழுச் சொல்லை எண்ணுவதுதான் நோக்கம் என்றால் தேடலே வேண்டாம். உரையைச் சொல் சொல்லாக உடைத்து, ஒவ்வொன்றும் பட்டியலில் உண்டா என்று பார்த்தால் போதும். யூடிஎஃப்-8 சூழலில் ரிப்கிரெப்பையோ, பேர்ல் வகை ரெகெக்ஸ் கொடியுடன் கிரெப்பையோ, --ஒன்லி-மேட்சிங்கோடு ‘தமிழ் எழுத்துமுறையைச் சேர்ந்த ஒன்று அல்லது பல குறியீடுகள்’ என்ற பண்புக் குறியைக் கொடுத்து ஓட்டினால், வரிக்கு ஒரு சொல்லாக உரை கொட்டும். அகலமற்ற குறிகளை முன்னரே நீக்காவிட்டால் அவை இருக்கும் இடத்தில் சொல் இரண்டாக உடையும். விக்கி உரையில் இணைப்புக்கான சதுர அடைப்புகளும் இதே உடைப்பைச் செய்யும்: ‘தமிழ்’ என்பதற்கு மட்டும் இணைப்புத் தந்து ‘நாடு’ வெளியே ஒட்டியிருந்தால் இரண்டு சொல்லாகப் பிரியும். இணைப்பு அடைப்புகளை முதலில் நீக்கிவிடவேண்டும்.

இந்த ஓட்டத்தை நேராகப் பட்டியலோடு ஒப்பிடாமல், உரை முழுவதற்கும் ஒரு சொல் அடுக்கு அட்டவணையாக ஆக்கிவைப்பதே இந்த ஆய்வில் நாங்கள் வலியுறுத்தும் படி. ஆக் கட்டளையில் ஒவ்வொரு சொல்லையும் சாவியாக வைத்து ஒன்று ஒன்றாகக் கூட்டி, முடிவில் சொல், டேப், எண்ணிக்கை என்று அச்சிட்டு, எல்சி_ஆல்=சி சார்ட்டில் அடுக்கிவிடலாம். எல்லாச் சொற்களையும் முதலில் சார்ட் செய்து பிறகு எண்ணுவதைவிட இது வேகம், ஏனெனில் அடுக்கவேண்டியது தனிச்சொற்களை மட்டும். ஜிபி கணக்கில் இருந்த உரை, தனிச்சொல்லுக்கு ஒரு வரியாகச் சுருங்கிவிடும். இனி எத்தனை பட்டியல் வந்தாலும் பெரிய உரையைத் தொடவேண்டியதில்லை. பட்டியலையும் அதே சி சூழலில் அடுக்கி, அட்டவணையோடு ஜாய்ன் கட்டளையில் இணைத்தால் விடை உடனே வரும். இரண்டையும் வெவ்வேறு சூழலில் அடுக்கினால் ‘வரிசையில் இல்லை’ என்று ஜாய்ன் முறையிடும்.

ஜாய்னுக்குப் பதில் ஆக்கிலேயே ஒப்பிடுவதானால் ஒரு எச்சரிக்கை: பட்டியலை ஏற்றிவைத்த ஆக்கின் அணியில் (சாவி-மதிப்புத் தொகுதியில்) ஒரு சொல் உண்டா என்று ‘இன்’ சொல்லால் கேட்கவேண்டும். அணியின் மதிப்பை நேராகப் படித்தால், இல்லாத சாவியையும் ஆக் உருவாக்கிவிடும். அட்டவணைச் சொற்கள் அத்தனையும் பட்டியல் அணிக்குள் புகுந்து, கடைசியில் அச்சாகும் பட்டியலே தப்பாகிவிடும்.

வேற்றுமை உருபேற்ற வடிவங்கள்

முழுச் சொல் ஒப்பீட்டில் தமிழுக்குப் பெரிய இழப்பு இருக்கிறது. ‘மரம்’ என்று தேடினால் மரத்தை, மரத்தில், மரங்கள், மரமும் எதுவும் கிடைக்காது. இங்கேதான் பல்சொல் தேடல் திரும்பவும் வருகிறது, ஆனால் இம்முறை முழு உரையில் அல்ல, சுருங்கிய அட்டவணையில்.

சொல்லின் தொடக்கத்தில் மட்டும் பொருந்தவேண்டும் என்று நிலையான தொடர் தேடலில் சொல்ல வழியில்லை. அதற்காக ரெகெக்ஸுக்குப் போகவேண்டாம். அட்டவணையின் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ‘#’ ஒன்றைப் போடுங்கள். தேடுசொல்லுக்கு முன்னாலும் போடுங்கள். கூடவே ஒவ்வொரு முழு எழுத்துக்குப் பின்னும் ஒரு சாய்கோடு இடுங்கள். பேர்லில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறி ஒரு முழு எழுத்தைப் பிடித்துத் தரும். இப்போது ‘#ப/ல/’ என்பது ‘#ப/ல்/’ என்பதோடு பொருந்தாது. புள்ளித் தொல்லை கருவியின் தயவில்லாமல் தீர்ந்துவிட்டது.

மகர ஈற்றுப் பெயருக்கு இடவேண்டிய முக்கியமான தொடக்கங்கள் ஏழு: ‘#ம/ர/ம்/’, ‘#ம/ர/மு/’, ‘#ம/ர/மா/’, ‘#ம/ர/மே/’, ‘#ம/ர/மோ/’, ‘#ம/ர/த்/’, ‘#ம/ர/ங்/’. பத்தாயிரம் பெயர் என்றால் 70,000 தேடுசொல். லூப்புக்கு இது ஏழு மடங்கு வேலை. ஏஹோ-கொராசிக்குக்குத் தேடுமரம் சற்றுப் பெரிதாகிறது, அவ்வளவுதான். எந்தத் தொடக்கத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே வேண்டுமானால், ஆக்கில் அட்டவணைச் சொல்லைச் சாய்கோட்டில் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போய், அதுவரை வந்தது பட்டியலில் உண்டா என்று பார்க்கலாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய தொடக்கங்களும் விடுபடாமல் எண்ணப்படும். கால் மரத்துப்போனதும் இந்தக் கணக்கில் மரமாகவே விழும். அதைப் பிரிக்க மனிதக் கண்தான் வேண்டும்.

நேரத்தை அளக்கும்போது

குனூ கிரெப்பின் வெளியீட்டை, வருவதை எல்லாம் வீசிவிடும் டெவ்/நல்லுக்குத் திருப்பி நேரம் பார்க்காதீர்கள். வெளியீடு அங்கே போவதைக் கண்டதும், முதல் பொருத்தத்திலேயே அது நின்றுவிடுகிறது. வியக்கத்தக்க வேகம் தெரியும், வேலை நடந்திருக்காது. வரி எண்ணும் கட்டளைக்குக் குழாய் போட்டு அளக்கவேண்டும். முதல் ஓட்டத்தில் வட்டிலிருந்து படிக்கும் நேரமும் சேரும், எனவே இரண்டாம் ஓட்டத்திலிருந்து ஒப்பிடுங்கள்.

பொதியை பிஜிப்2 என்ற சுருக்க வடிவிலேயே வைத்து, அவிழ்த்துக்கொண்டே தேடினால் எந்தக் கிரெப்பும் வேகமாகாது. டாப் கட்டளையில் பாருங்கள்: அவிழ்ப்பான் 100 சதவீதத்திலும் கிரெப் மிகக் குறைவிலும் இருந்தால் தடை அங்கேதான். எல்பிஜிப்2 என்ற கருவி செயலியின் பல கருக்களில் ஒரே நேரத்தில் அவிழ்க்கும். திரும்பத் திரும்பத் தேவையெனில் இசட்ஸ்டேண்டர்ட் என்ற வேறு சுருக்க வடிவுக்கு ஒரு முறை மாற்றி வைக்கலாம்.

உரையைத் துண்டாக்கிப் பல கருக்களில் ஓட்ட, குனூ பேரலலின் --பைப்பார்ட் கொடி வரி முறியாமல் பிரித்துத் தரும். ஒவ்வொரு துண்டுக்கும் தேடுமரம் புதிதாகக் கட்டப்படும் என்பதால் துண்டு சிறிதாக இருக்கக்கூடாது. 100 எம்பி நல்ல தொடக்கம். துண்டுவாரி எண்ணிக்கைகளைக் கடைசியில் கூட்ட மறக்கவேண்டாம்.

எந்த மாற்றத்தையும் முழுப் பொதியில் நம்பும் முன், உரையின் முதல் 20,000 வரியையும் பட்டியலில் நூறு சொல்லையும் எடுத்து, சரியென்று உறுதியான மெதுவான வழியில் ஒரு முறை, புதிய வழியில் ஒரு முறை ஓட்டி, இரண்டு வெளியீட்டையும் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையில் ஒப்பிடுங்கள். அந்த நூறில் மெய்யெழுத்தின் புள்ளியில் முடியும் சொல் ஒன்று, ஒகரக் குறி உள்ளது ஒன்று, ‘ஸ்ரீ’ உள்ளது ஒன்று, இன்னொன்றுக்குள் அடங்கும் சொல் ஒன்று, உரையில் இல்லவே இல்லாத சொல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். டிஃப் எதையும் அச்சிடாதபோதுதான் முழுப் பொதியை ஓட்டவேண்டும்.